அபாய வேளையில் கேட்கும் உரிமை

1961-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12-ஆம் தேதி காலையில், புணே நகருக்குத் தென்மேற்கே, அந்த ஆண்டுதான் முதன்முதலாக நீரைத் தேக்கத் தொடங்கியிருந்த பான்ஷேத் அணை, முந்தின இரவு முழுவதும் ராணுவ வீரர்கள் மணல் மூட்டைகளைச் சுமந்து அடுக்கிப் போராடியும் நிற்காமல் உடைந்தது. அதிலிருந்து சரிந்து வந்த வெள்ளத்தைத் தாங்கமாட்டாமல், அதற்குக் கீழே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கட்டப்பட்டிருந்த கடக்வாஸ்லா அணையும் சில மணி நேரத்துக்குள் இடிந்து வழிவிட, முட்டா நதி கரையை மீறி நாராயண் பேட், சனிவார் பேட், டெக்கான் ஜிம்கானா முதலிய பகுதிகளுக்குள் புகுந்து, வீடுகளையும் கடைகளையும் பாலங்களையும் வாரிக்கொண்டு போயிற்று. அணை உடைந்த வேளைக்கும் நகரத்து வீதிகளில் நீர் ஏறிய வேளைக்கும் இடையே சில மணி அவகாசம் இருந்தது என்பதுதான் அந்தச் சம்பவத்தில் இன்றளவும் மனத்தை உறுத்துகிற விஷயம். அந்த அவகாசத்தில் நதியின் நிலைமையை அறிந்தவர் சிலர். அறிந்திருக்க வேண்டியவர்களோ நதிக்கரையில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஜனங்கள்.

அறுபத்துமூன்று வருஷங்கள் கழித்து, அதே ஜூலை மாதத்தில், அதே நதி மறுபடியும் ஒரு கேள்வியைக் கேட்டது. 2024 ஜூலை 25-ஆம் தேதி, விடாமல் பெய்த மழையினால் நிரம்பிய கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்திலிருந்து விநாடிக்கு 35,000 கன அடிக்கு மேல் நீர் திறந்துவிடப்பட, சிங்ககட் சாலையை ஒட்டிய ஏக்தா நகரியின் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் விடியற்காலையில் கீழ்த்தளத்துக்குள் வெள்ளம் புகுந்ததைக் கண்டு எழுந்தார்கள். படகுகளோடு மீட்புப் படையினரும், பின்னர் ராணுவத்தினரும் வர வேண்டியதாயிற்று. இவ்வளவு நீர் வரப்போகிறதென்று தங்களுக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதே அங்கிருந்தோர் பலரின் முறையீடு. 1961-இல் கைப்பேசி இல்லை. 2024-இல் அது இல்லாத வீடு அரிது. ஆனாலும், அதிகாரிகளுக்கிடையே காற்று வழியே சென்ற செய்தி, யாருடைய உயிரைப் பற்றியதோ அவர்களுடைய காதுக்கு எட்டவில்லை.

இத்தகைய அனுபவத்துக்குப் பிறகு, காவல்துறையும் தீயணைப்புப் படையும் மீட்புக் குழுவும் தங்களுக்குள் பேசிக்கொள்வதை நாமே கேட்டுவிட்டால் என்ன என்ற ஆவல் ஒருவருக்கு எழுவது இயற்கையே. இந்த ஆவலுக்கென்றே பிறந்த கருவிதான் ஸ்கேனர் ரேடியோ. சாதாரண வானொலிப் பெட்டி நாம் திருகி வைத்த ஓர் அலைவரிசையோடு நின்றுவிடும். ஸ்கேனரோ, இரவுக் காவலர் கடைவீதியில் ஒவ்வொரு பூட்டாக இழுத்துப் பார்த்துக்கொண்டே நடப்பதுபோல, நினைவில் பதித்து வைத்த அலைவரிசைகளை ஒரு விநாடிக்குள் பலவாகத் தொட்டுத் தொட்டுச் சென்று, எதிலாவது பேச்சு எழுந்தால் அங்கே நின்று அதை ஒலிக்கவிட்டு, பேச்சு ஓய்ந்ததும் மீண்டும் நடையைத் தொடங்கும். பேச்சு இல்லாத நேரத்து இரைச்சலை அடக்கிவைக்க அதில் 'ஸ்குவெல்ச்' என்னும் ஓர் ஏற்பாடு உண்டு. அலை வந்தால்தான் அது வாயைத் திறக்கும். ஒரு காலத்தில் விலை மிகுந்த இந்தச் சாதனம் இன்று எவர் கைக்கும் எட்டுவதாகிவிட்டது. தொலைக்காட்சியைக் கணினியில் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட, கட்டைவிரல் அளவே உள்ள ஒரு மலிவான செருகியை, அகன்ற அலைப்பரப்பு முழுவதையும் கேட்கும் வானொலியாக மாற்றிவிடலாம் என்பதை 2012-ஆம் ஆண்டையொட்டி ஆர்வலர்கள் உலகுக்குத் தெரியப்படுத்தினார்கள். அதன்பின் மாணவன் ஒருவனால் தன் மடிக்கணினியின் திரையில், அலைகள் நீல நிறப் பின்னணியில் மஞ்சள் கோடுகளாக ஓடுவதைக் கண்ணாலேயே காண முடிகிறது.

அமெரிக்காவில் இந்தச் செவியுறவு ஒரு நீண்ட பழக்கம். காவல்துறையின் பேச்சு வெகு காலம் மறைப்பின்றி ஒலித்த அந்நாட்டில், பத்திரிகை நிருபர்களும் தன்னார்வத் தீயணைப்பாளர்களும் ஓய்வு பெற்ற முதியவர்களும் வீட்டு மேஜைமேல் ஸ்கேனரை வைத்துக்கொண்டு ஊரின் நாடியைக் கேட்டிருக்கிறார்கள். பூகம்பம் வந்தால் முதல் சில மணி நேரம் அக்கம்பக்கத்தாரே அக்கம்பக்கத்தாருக்குத் துணை என்பதை உணர்ந்து, லாஸ் ஏஞ்சலிஸ் தீயணைப்புத் துறை 1985-இல் குடிமக்களுக்கே பயிற்சி அளித்து உள்ளூர் அவசர உதவிக் குழுக்களை அமைக்கத் தொடங்கியது. அந்த ஏற்பாடு 1993 முதல் நாடெங்கும் பரவியது. அத்தகைய குழுக்களில் வானொலியைக் கையாளத் தெரிந்தவருக்கு என்றுமே ஒரு தனி இடம் உண்டு.

புணேயில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஏராளமாகவே இருக்கிறது. மகாராஷ்டிர மாநிலக் காவல்துறையின் வயர்லெஸ் பிரிவுக்குத் தலைமையிடமே இந்த நகரம். மாநகராட்சியின் தீயணைப்புப் படை இருக்கிறது. 2014-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவைக்கு மாநிலம் முழுமைக்குமான கட்டுப்பாட்டு அறை ஔந்த் பகுதியில் இயங்குகிறது. தளேகாவ் அருகே சுதும்பரேயில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஐந்தாவது அணி முகாமிட்டிருக்கிறது. லோஹேகாவ் விமான நிலையமோ விமானப் படையின் தளமும் ஆகும். இத்தனை ஸ்தாபனங்களின் குரல்களும் இரவும் பகலும் அந்நகரின் ஆகாயத்தில் ஒன்றையொன்று கடந்து சென்றுகொண்டிருக்கின்றன.

ஆனால் அவற்றைக் கேட்க இந்தியச் சட்டம் நமக்கு இடம் கொடுப்பதில்லை. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும், உரிமமின்றி வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கிய 1933-ஆம் ஆண்டின் சட்டமும் நெடுங்காலம் இந்தத் தடையைக் காத்துவந்தன. பாட்டுக் கேட்கும் வானொலிப் பெட்டிக்குக்கூடத் தபாலாபீசில் பணம் கட்டி உரிமப் புத்தகத்தில் முத்திரை வாங்கிய நாட்களை நம் வீடுகளில் மூத்தவர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள்; அந்தக் கட்டணம் 1980-களின் நடுவில் ஒழிந்ததே தவிர, மற்றக் கருவிகளின் மீதான கட்டு தளரவில்லை. இப்போது அவற்றின் இடத்துக்கு வந்துள்ள 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, பிறருக்குரிய செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறிப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையோ, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அந்தப் பிரிவு 2024 ஜூன் 26 முதல் அமலில் இருக்கிறது. ஆகவே, இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு வாக்கி டாக்கியை வாங்கி, புணேயின் காவல் அலைவரிசையைத் தேடப் புறப்படும் இளைஞன், தான் ஈடுபடுவது விளையாட்டு அல்ல என்பதை முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும்.

இந்தத் தடையை வெறும் காலனியாதிக்கக் காலத்து மிச்சம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 2008 நவம்பரில் மும்பை தாக்கப்பட்டபோது, தொலைக்காட்சியில் நேரடியாக வந்த காட்சிகளைக் கண்டே எல்லைக்கு அப்பாலிருந்தவர்கள் கொலைகாரர்களுக்குக் கட்டளையிட்டார்கள். அந்தக் கசப்பான பாடத்தின் பயனாகவே, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையாகக் காட்டக்கூடாதென்று 2015-இல் விதி செய்யப்பட்டது. காட்சிக்குப் பொருந்துவது குரலுக்கும் பொருந்தும். இதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. ஆம்புலன்ஸிலிருந்து மருத்துவருக்குச் செல்லும் செய்தியில் அடிபட்டவரின் வயது இருக்கும், காயத்தின் தன்மை இருக்கும், சில வேளைகளில் பெயரும் முகவரியும் இருக்கும். வீட்டில் அடிபட்ட பெண் ஒருத்தி உதவி கேட்டு அழைத்தாள் என்ற செய்தி எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதோடு போகும். துன்பத்தின் உச்சியில் இருக்கும் ஒருவர் தம்முடைய துன்பத்தை அடுத்த வீட்டுக்காரர் பொழுதுபோக்காகக் கேட்பதற்குச் சம்மதித்தவர் அல்லர். தமக்கு உரியதல்லாத செய்தி தற்செயலாகக் காதில் விழுந்தாலும் அதை வெளியிடலாகாது என்பது சர்வதேச வானொலி விதிகளிலேயே உள்ள தர்மம். அது சட்டம் மட்டுமன்று, நாகரிகமும் ஆகும்.

அமெரிக்காவிலேயே இப்போது காற்று மாறி வீசுகிறது. நியூயார்க் காவல்துறை 2023 முதல் தன் வானொலிப் பேச்சைச் சங்கேதமாக்கத் தொடங்கியபோது, நகரத்தில் என்ன நடக்கிறதென்று தெரிந்துகொள்ளும் உரிமை பறிபோகிறதென்று பத்திரிகையாளர்கள் கடுமையாக ஆட்சேபித்தார்கள். டிஜிட்டல் முறையில் பேச்சு எண்களாக மாறிச் சங்கேதப் பூட்டும் பூட்டப்பட்டுவிட்டால், எத்தனை உயர்ந்த ஸ்கேனருக்கும் கேட்பது வெறும் கரகரப்பே. எனவே திருட்டுத்தனமாகக் கேட்கும் பாதை நாளுக்கு நாள் தானாகவே அடைபட்டு வருகிறது.

அப்படியானால் காது கொடுக்கும் ஆவலுள்ளவனுக்குப் புணேயில் இடமே இல்லையா? தாராளமாக இருக்கிறது; அதுவும் மரியாதையான இடம். உலகிலேயே மாபெரும் செவிகளுள் ஒன்று அந்த மாவட்டத்தில்தான் வானை நோக்கித் திறந்திருக்கிறது என்பதை முதலில் சொல்லவேண்டும். நம் உதகமண்டலத்துக்கருகே முத்தோரையின் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கியை நிறுவிய கோவிந்த் ஸ்வரூப், பின்னர் நாராயண்காவ் அருகே கோடத் கிராமத்தைச் சுற்றி, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுடைய முப்பது கிண்ணங்களை 25 கிலோமீட்டர் பரப்பில் நிறுத்தினார். மீட்டர் அலைகள் என்று சொல்லப்படும், நம்முடைய வாக்கி டாக்கிகளும் பண்பலை வானொலியும் குடியிருக்கும் அதே அலைப்பரப்பின் அண்டையில்தான், கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வரும் முணுமுணுப்பை அது கேட்கிறது. மனிதரின் மின்னிரைச்சல் குறைவாக இருந்தது அவ்விடத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம்.

அந்த நகரின் மாணவர்களும் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். புணே பொறியியல் கல்லூரியின் மாணவர்கள், தங்களுக்கு முன்னால் படித்தவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து உழைத்து, ஒரு கிலோகிராம் எடையேயுள்ள 'ஸ்வயம்' என்னும் செயற்கைக்கோளைச் செய்தார்கள். பூமியின் ஓரிடத்திலிருந்து வரும் சிறு செய்தியை வாங்கி வைத்திருந்து மற்றோரிடத்துக்குத் தருவது அதன் நோக்கம். அது பேசியதோ அமெச்சூர் வானொலியின் அலைவரிசையில். 2016 ஜூன் 22-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-34 ராக்கெட் சுமந்து சென்ற இருபது செயற்கைக்கோள்களில் அதுவும் ஒன்று; சென்னை சத்யபாமா பல்கலைக்கழக மாணவர்களின் செயற்கைக்கோளும் அதே பயணத்தில் உடன் சென்றது. சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்குமேல் கடக்கும் வேளைகளில் 145.800 மெகாஹெர்ட்ஸில் காது வைப்பதும் அமெச்சூர்கள் விரும்பும் பழக்கம்.

அமெச்சூர் வானொலி, அல்லது ஹாம் வானொலி, வெறும் ஸ்கேனர் பழக்கத்திலிருந்து வேறுபடுவது எங்கே என்றால், அங்கே கேட்பவன் பெயரில்லாதவனாக இருட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. அரசு அவனுக்கு ஓர் அழைப்புக்குறி கொடுக்கிறது. அவன் வாய் திறக்கும்போதெல்லாம் அதைச் சொல்லியாக வேண்டும். பேசுவதைவிடக் கேட்பதே அங்கே முதற்பாடம். இடர்க் காலத்தில் அவர்கள் 'நெட்' அமைக்கும் முறையைக் கவனித்தால் இது விளங்கும். ஒரே அலைவரிசையில் இருபது பேர் கூடியிருந்தாலும், ஒருவர் மட்டுமே கட்டுப்பாட்டு நிலையம். அவர் அழைத்தாலன்றி மற்றவர் பேசமாட்டார். உயிர் சம்பந்தமான செய்தி முதலில், மருந்தும் உணவும் பற்றியது அடுத்து, உறவினரின் நலம் விசாரிப்பது கடைசியில் என்று வரிசை உண்டு. செய்தியை வாங்கியவர் அதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிப் படிக்க வேண்டும். அனுப்பியவர் சரி என்ற பிறகே அது முடிந்ததாகக் கருதப்படும். எங்கே, எத்தனை பேர், எப்போது கண்டது, கண்ணால் கண்டதா காதால் கேட்டதா என்ற நான்கையும் தாளில் எழுதிக்கொள்ளாமல் ஒரு வரியும் நகர்வதில்லை. வெள்ளத்தினும் வேகமாகப் பரவும் வதந்தியை அணைகட்டி நிறுத்துவது இந்த நிதானமே என்று நான் உறுதியாக நம்புகிறேன். சாதாரண நாட்களில் பிறருடைய செய்தியைச் சுமக்க இவர்களுக்கு அனுமதியில்லை. இயற்கைச் சீற்றத்தின்போது மட்டும் விதிகளே அந்தக் கதவைத் திறந்துவிடுகின்றன.

அந்தக் கதவு திறந்த நாள்களில் மறக்கமுடியாதது 2004 டிசம்பர் 26. அந்தமான் தீவுகளிலிருந்து அமெச்சூர்கள் ஒலிபரப்ப நெடுங்காலமாக அனுமதி இல்லாதிருந்த நிலையில், விசேஷ அனுமதி பெற்று, உலகெங்குமுள்ள ஆர்வலர்களோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேயரில் நிலையம் அமைத்திருந்தார் பாரதி பிரசாத் என்னும் பெண்மணி. ஆழிப்பேரலை அடித்து மற்றத் தொடர்புகள் எல்லாம் அறுந்தபோது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த அதே கருவியை அவரும் தோழர்களும் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கடத்தும் பாலமாக மாற்றினார்கள். அதே நாட்களில் இலங்கையில், விக்டர் குணதிலகவும் அந்நாட்டு வானொலிச் சங்கத்தைச் சேர்ந்தவர்களும் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலையில் தொடர்பு ஏற்படுத்திக்கொடுத்தார்கள்.

புணே மாவட்டத்துக்கு இத்தகைய வானொலித் தொண்டின் அவசியத்தை விளக்க ஓர் உதாரணம் போதும். 2014 ஜூலை 30-ஆம் தேதி காலை, அம்பேகாவ் வட்டத்தில் மாளீண் என்ற மலைக்கிராமத்தின்மேல் குன்று சரிந்து, ஏறத்தாழ 150 பேரை உயிரோடு மூடியது. தொலைபேசி மணி அடிக்கவில்லை. எந்த அலைவரிசையிலும் கூக்குரல் எழவில்லை. வழக்கமாக அவ்வழியே செல்லும் அரசுப் பேருந்தின் ஓட்டுநர், கிராமம் இருந்த இடத்தில் கிராமம் இல்லாததைக் கண்டு சொன்ன பிறகே வெளியுலகம் அறிந்தது. சஹ்யாத்ரி மலைத்தொடரின் மடிப்புகளில் இப்படிக் குரலற்றுக் கிடக்கும் ஊர்கள் அநேகம். மீட்டர் அலை நேர்க்கோட்டில் செல்வது. நடுவே ஒரு முகடு குறுக்கிட்டால் அடுத்த பள்ளத்தாக்கிலிருப்பவருக்கு அது எட்டாது. உயரத்தில் ஒரு ரிப்பீட்டரை வைத்து, கீழிருந்து வரும் அலையை வாங்கி வேறோர் அலைவரிசையில் திருப்பி அனுப்பினால்தான் இரு பள்ளத்தாக்குகளும் பேசிக்கொள்ள முடியும். புணேக்குத் தொலைக்காட்சி தரும் கோபுரம் சிங்ககட் கோட்டையின் உச்சியில் நிற்பதற்கும் இதே காரணந்தான்.

அந்த மலைகளில் வழிதவறியவரையும் பாறையிலிருந்து விழுந்தவரையும் தேடிச் செல்லும் லோனாவ்ளாவின் சிவதுர்க மித்ர குழுவும், மலையேறும் சங்கங்களை ஒன்றிணைத்த மகாராஷ்டிர மலையேற்றத்தாரின் மீட்பு ஒருங்கிணைப்பு மையமும், ஊதியம் கேளாமல் இரவென்றும் மழையென்றும் பாராமல் புறப்படுபவர்களால் ஆனவை. நாடு முழுவதும் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்குப் பயிற்சியளிக்க வகுக்கப்பட்ட 'ஆப்தா மித்ர' திட்டமும் இதே நோக்கமுடையது. இத்தகையோர் கையில் ஒழுங்கான வானொலி இருக்க வேண்டும். குறைந்த சக்தியுடைய கருவிகளுக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு பகுதியில் 2018-ஆம் ஆண்டு விதிகள் உரிமத்திலிருந்தே விலக்கு அளித்திருக்கின்றன. ஒரு மலையேற்றக் குழுவின் முன்வரிசையும் பின்வரிசையும் பேசிக்கொள்ள அது போதும். ஆனால் சந்தையில் விற்கும் கருவிகள் பலவும் அந்த எல்லையைத் தாண்டிக் காவல்துறையின் அலைகளிலும் குறுக்கிடக்கூடியவை. அதனால்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல், எந்த அலைவரிசை, உரிமம் வேண்டுமா வேண்டாமா என்பதைச் சொல்லாமல் இணையக் கடைகள் வாக்கி டாக்கி விற்கலாகாதென்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

அதற்கு மேலும் செல்ல விரும்புவோருக்குத் தேர்வு இருக்கிறது. பன்னிரண்டு வயது நிரம்பியவர் எவரும் எழுதலாம். வானொலியின் அடிப்படைத் தத்துவமும் விதிகளுமே பாடம். வரையறுக்கப்பட்ட உரிமம் 50 வாட் சக்தி வரை அனுமதிக்கும். மோர்ஸ் சங்கேதத்தை நிமிஷத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் கையாளத் தெரிந்தால் கிடைக்கும் பொது உரிமம் 400 வாட் வரை இடம் தரும். முன்னாளில் கேட்பதற்கு மட்டுமே ஓர் உரிமமும் விதிகளில் இடம் பெற்றிருந்தது. கேட்பதை அவ்வளவு கௌரவமான காரியமாக மதித்த அந்த ஏற்பாட்டை அரசு மறுபடியும் உயிர்ப்பித்து, பள்ளி மாணவர்களுக்கு எளிதாக வழங்கினால், திருட்டுத்தனத்தின் பக்கம் சாயும் ஆவல் பெரும்பாலும் நேர்வழிக்கு வந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இனி அரசு செய்யவேண்டிய மற்றொன்று. காவல்துறையின் அலைவரிசையைப் பூட்டி வைப்பது நியாயமென்றால், ஜனங்களுக்கென்று பூட்டில்லாத ஓர் அலைவரிசை வைப்பதும் அதே அளவு நியாயம். 2023-இல் கைப்பேசிகள் எல்லாம் ஒரே வேளையில் அலறி நம்மைத் திடுக்கிடச் செய்த எச்சரிக்கைச் சோதனை நல்ல முயற்சியே. ஆயினும் மின்சாரம் போய்க் கோபுரங்கள் ஓய்ந்தபின் கைப்பேசி ஊமை. 1953 முதல் ஒலித்துவரும் புணே அகில இந்திய வானொலி நிலையமோ 792 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் மலைப் பள்ளத்தாக்குகளுக்கும் சென்று சேரக்கூடியது. அதைக் கேட்க நான்கு பாட்டரியும் ஒரு சிறிய பெட்டியும் போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, கடக்வாஸ்லாவில் நீர்மட்டம் எவ்வளவு, விநாடிக்கு எத்தனை கன அடி திறக்கப்படுகிறது, அந்த நீர் ஏக்தா நகரியை எப்போது எட்டும் என்பதை, இரவு உட்பட மணிக்கொரு முறை, மராத்தியிலும் ஹிந்தியிலும் அந்த நிலையம் வாசிக்க வேண்டும். அணையின் மதகைத் திறக்க உத்தரவிடும் அதிகாரியே, மதகு அசைவதற்கு முன்பாக, அந்த வாசகத்தை நிலையத்துக்குத் தந்தாக வேண்டுமென்று விதியும் செய்ய வேண்டும்.